லிஸ்டில் இல்லாத ஓசூர்

நேற்று காக்ஸ் டவுன் பக்கம் ஒரு வங்கியில் வரிசையில் நின்றிருந்தேன். "லிங்க் இல்ல, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்றாள் கவுண்டரில் இருந்த பெண், யாரையும் பார்க்காமல். அவளுக்குப் பின்னால் சுவரோரமாக இருந்த இரும்பு அலமாரியின் கதவைத் திறந்து போட்டு, எதிரே ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டிருந்தார்கள். உள்ளே இருந்த பெட்டிகளின் சூட்டை அந்த ஃபேன் எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. சூடான தூசியும் வெந்த பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. என் பாதி ஆயுளை அந்த வாசனையில் கழித்தவள் நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர், "மூச்சு முட்டுதாம்மா? இப்படி உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மூச்சு முட்டவில்லை, ஒரு மனிதரோடு போட்ட சண்டை முடியாமல் நின்றுவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. உங்களைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. செத்துப்போனவர் என்பதற்காக ஒருவரிடம் எனக்குள்ள வழக்கை நான் திரும்பப் பெற்றுக்கொள்வதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

நான் லாரி புக்கிங் கம்பெனியில் போன் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். கம்ப்யூட்டர் வந்தபோது, கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இணைப்பு அறுந்தால் எல்லோரும் முதலில் என்னிடம்தான் கத்துவார்கள். போனுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன், அவ்வளவுதான் காரணம். கிளைகளை இணைக்கும் ரூட்டர் பெட்டிகளை விற்றவன் விட்டுப்போன தடித் தடிப் புத்தகங்களை டிக்ஷனரியோடு உட்கார்ந்து படித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. கடைசியில் சேலம் முதல் ஹூப்ளி வரை அத்தனை கிளைகளையும் கட்டிக் காத்தது நான்தான். அப்படியிருந்தும் எங்கள் முதலாளி விருந்தாளிகளிடம், "இவங்க நம்ம போன் ஆபரேட்டர், கம்ப்யூட்டரும் பாத்துப்பாங்க" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார்.

உங்கள் கம்பெனி எங்கள் கம்பெனியை வாங்கியது. அல்சூர் அலுவலகத்துக்கு உங்கள் ஆட்கள் கும்பலாக வந்து, "இங்க நெட்வொர்க் இன்ஜினியர் யாரு?" என்று என் தலைக்கு மேலே தேடினார்கள். நீங்கள் மட்டும் தேடவில்லை. சுவரில் நான் ஒட்டியிருந்த வரைபடத்தின் முன்னால் போய் நின்றுகொண்டீர்கள்.

"இத யாரு போட்டது?"

"நான்தான்."

"பீன்யாலேர்ந்து சேலத்துக்கு ஏன் மேடம் ரெண்டு லைன்?"

"ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு இருக்கும். ஏன், உங்க ஊர்ல லைன் அறுந்ததே இல்லையா?"

"எங்க ஊர்ல பூமியே இடிஞ்சி உள்ள வுழும் மேடம். லைனு இன்னா பெரிய விஷயம்" என்று சிரித்தீர்கள். உங்கள் ஊர் தங்கவயல் என்பதும், உங்கள் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர் என்பதும், நீங்கள் தினமும் காலை ரயிலில் நின்றுகொண்டே கண்டோன்மென்ட் வந்து இறங்குகிறவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது. என் வேலையைப் பார்த்து ஏன் என்று கேட்ட முதல் ஆள் நீங்கள். மற்றவர்கள் பாராட்டுவார்கள், அல்லது திட்டுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அதற்கப்புறம் வந்ததுதான் நம் வழக்கு.

ஒரு கம்பெனியின் ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கும். சேலம் என் வழியாகப் போகலாம், ஹூப்ளிக்கு வழி அந்தப் பக்கம் என்று ஒன்றுக்கொன்று சேதி சொல்லும். எங்கள் பக்கம் பேசியது பழைய பாஷை, உங்கள் பக்கம் புதியது. ஒன்றுக்கு மற்றது புரியாது. அதனால் அல்சூரில் ஒன்றும் பீன்யாவில் ஒன்றுமாக இரண்டு ரூட்டர்களை வாசல்களாக வைத்து, இந்தப் பக்கத்துப் பாதைகளை அந்தப் பாஷையிலும் அந்தப் பக்கத்துப் பாதைகளை இந்தப் பாஷையிலும் மாற்றிச் சொல்ல வைத்தோம். ஒரே வாசலாக இருந்தால் தொந்தரவு இல்லை. இரண்டு வாசல் என்றால், அல்சூர் வழியாக உங்கள் பக்கம் போன எங்கள் சேலம், பீன்யா வழியாக உங்களுடையது போல எங்களிடமே திரும்பி வரும். ரூட்டருக்கோ புதிய பாஷையில் வந்த சேதியின் மேல்தான் நம்பிக்கை அதிகம். பக்கத்திலேயே இருக்கும் சேலத்தை விட்டுவிட்டு ஊரைச் சுற்றும். சில சமயம் சுற்றிக்கொண்டே இருந்து போய்ச் சேரவே சேராது. ஆகவே வாசலில் ஃபில்டர் வேண்டும். எது போகலாம், எது திரும்பி வரக்கூடாது என்று சொல்லும் காவல் வேண்டும். இதுவரை நம் இருவருக்கும் ஒரே அபிப்பிராயம்.

"வாசலைத் தாண்டறப்போ ஒவ்வொரு பாதைக்கும் அது பொறந்த பக்கத்தோட நம்பரைக் குத்திடணும்" என்றேன் நான். "இன்னொரு வாசல்ல அந்த நம்பரைப் பாத்தா திருப்பி விடக்கூடாது. தீந்தது."

"உங்க பழைய பொட்டிங்க நம்பரத் தூக்கினு போவாது மேடம். எங்க பாதைங்க உங்க பக்கமா வந்தா வழியிலயே நம்பரக் கீழ போட்டுடும்."

"அப்போ பெட்டியை மாத்துங்க."

"அது மாத்தறதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன். லிஸ்ட் போடலாம் மேடம். எத விடணுமோ அத்தோட பேர எழுதுவோம். பேர் இல்லாதது தானா வுழுந்துடும். யாரு வேணா படிச்சிப் புரிஞ்சிக்கலாம்."

"நாளைக்குப் புதுசா ஒரு கிளை திறந்தா?"

"லிஸ்ட்ல சேப்போம்."

"மறந்துட்டா?"

"யாரு, நீங்களா? ஊட்டுக்காரர் பேர மறந்தாலும் சேலத்து நம்பர மறக்க மாட்டீங்க."

மேலே இருந்தவர்கள் லிஸ்ட்தான் என்று முடிவு செய்தார்கள். வாங்கியது உங்கள் கம்பெனி அல்லவா? லிஸ்டில் கைவைக்கும் உரிமையும் உங்களுக்குத்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வேலையைச் செய்தேன்.

லிஸ்டைத் திருத்தினால் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுச் சரி பார்க்க வேண்டும் என்று நமக்குள் ஒரு வழக்கம் வைத்தோம். கிடங்குகள் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீங்கள் பீன்யாவில், நான் அல்சூரில், நடுவில் போன். "சேலம்" என்பீர்கள். "விடலாம்" என்பேன். "ஹூப்ளி." "விடலாம்." "மங்களூர்." "விடலாம். ஆனா அங்க இருக்கற மேனேஜரை விட வேண்டாம்." நீங்கள் சிரித்து முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வேன். எங்கள் வாட்ச்மேன், "மேடம், லாரி எல்லாம் கேட்டுக்கு உள்ளதானே நிக்குது, எதை விடறீங்க?" என்று ஒருநாள் வந்து கேட்டான். அதையும் உங்களிடம் சொன்னேன். அதற்கும் சிரித்தீர்கள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்திருந்தன. லிஸ்ட் தவறு என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட்டுத்தான் வாசிப்பைத் தொடங்குவேன்.

ஓசூரில் புதுக் கிடங்கு திறந்தார்கள். அதற்கு முந்தைய ஞாயிறும் வாசித்தோம். ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது. "பிரமாதம் மேடம், ஒரு தப்பு இல்ல" என்று வைத்தீர்கள். எழுதியிருப்பதை வாசித்தால் எழுதியிருப்பதுதான் காதில் விழும். விட்டுப்போன ஊரின் பெயர் எந்தக் காதிலும் விழாது. லிஸ்ட் என்பதன் கோளாறே அதுதான் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

திறப்பு விழா அன்று ஓசூர் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "மேடம், பூஜை ஆச்சு, பூசணிக்கா ஒடச்சாச்சு, எலுமிச்சம்பழத்து மேல லாரிய ஏத்தியாச்சு. பில்லு மட்டும் வரல. இன்னும் எதனா ஒடைக்கணுமா?" வாசலில் லாரிகள் வரிசையாக நிற்க, டிரைவர்கள் ஹாரன் அடிக்கும் சத்தம் போனில் கேட்டது. ஓசூரிலிருந்து கேள்வி உங்கள் பக்கம் இருந்த, பில் போடும் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. பதில் திரும்பி வரத்தான் வழி இல்லை. உங்கள் பக்கத்துக்கு ஓசூர் என்று ஓர் இடம் இருப்பதே தெரியாது. நான் பார்த்த உடனே கண்டுபிடித்து உங்களைக் கூப்பிட்டேன்.

"ஓசூர் லிஸ்ட்ல இல்ல."

"அய்யோ மேடம்" என்றீர்கள். லிஸ்டில் சேர்த்தீர்கள். பில் வந்தது. ஆனால் அன்று போக வேண்டிய லாரிகள் பாதி போகவில்லை. மறுநாள் கூட்டம் போட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் நம்மைத் தவிர யாருக்கும் ஃபில்டர் என்றால் என்னவென்று தெரியாது. உங்கள் பெரிய அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. "ஓசூர் யார் சைடு?"

"என் சைடு" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். "ஓசூர் இவங்க பக்கம், ஆனா லிஸ்ட் என் யோசனை, இவங்க சொன்ன முறையில செஞ்சிருந்தா ஓசூர் தானா வந்திருக்கும்." இதை நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "லிஸ்ட்ல சேத்தாச்சி சார், இப்ப வருது" என்றீர்கள். நானே எழுந்து சொன்னேன். பாதியிலேயே, "டெக்னிக்கல் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா" என்று அதிகாரி கையைக் காட்டினார். இணைந்த கம்பெனிக்கு இரண்டு நெட்வொர்க் தலைவர்கள் எதற்கு என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது. அடுத்த மாதம் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீங்கள் இருந்தீர்கள்.

உங்களோடு பேசுவதை நிறுத்தினேன். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு, ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே உங்கள் மனைவியோடு வந்து நின்றீர்கள். அவர் கையில் குல்குல் பலகாரம் நிறைந்த எவர்சில்வர் டப்பா. உங்கள் முகத்தில் அசட்டுச் சிரிப்பு.

"மேடம், உள்ள விடுங்க."

"உங்க மனைவி வரலாம். உங்க பேர் லிஸ்ட்ல இல்ல."

"இன்னா மேடம் இது."

"பேர் இல்லாதது தானா விழுந்துடும்னு யாரு வச்சது? நானா வச்சேன்?"

உங்கள் மனைவி உங்களைத் திரும்பிப் பார்த்து, "நல்லா வேணும் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நீங்கள் தெருவிலேயே நின்றீர்கள். கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே காபி டம்ளரைக் கொடுத்தேன். வெயிலில் நின்று குடித்துவிட்டு, "காபி மட்டும் லிஸ்ட்ல கீதுங்களா?" என்றீர்கள். சிரிக்கக்கூடாது என்று உள்ளே போய்விட்டேன். அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கேட்டைத் திறந்தேன். மன்னித்ததாக அர்த்தமில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது, அதனால்.

அதன்பிறகு வருவீர்கள், சாப்பிடுவீர்கள், ரயிலில் நடந்த கதைகளைச் சொல்வீர்கள். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது நான் கேட்பேன். "சொல்லிட்டுப் போங்க. யார் முறை சரி?" நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டே ரயிலுக்கு நேரமாச்சு என்பீர்கள். பிடிவாதக்காரி என்று நினைத்திருப்பீர்கள். வேலை போனதற்காக நான் கேட்கவில்லை. வேலை எல்லோருக்கும் ஒருநாள் போவதுதான். எனக்குச் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் கிடையாது. என் வேலையை வரிவரியாகப் படித்து, புரிந்துகொண்டு, எதிர்த்தும் பேசியவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். உங்கள் வாயால் நான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அதைக் கொடுக்க இன்னொரு ஆள் இல்லை.

சிறுநீரகம் பழுதாகி நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது பார்க்க வந்தேன். கால்கள் வீங்கியிருந்தன. முகம் சிறுத்துப் போயிருந்தது. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினேன். நீங்களே ஆரம்பித்தீர்கள்.

"மேடம், அன்னிக்கி அந்த மீட்டிங்ல நான் பேசியிருந்தா, நீங்க இருந்திருப்பீங்க, நான் போயிருப்பேன். பொண்ணு அப்பதான் காலேஜ்ல சேந்திருந்தா. வாயத் தொறக்கல. எனக்குத் தெரிஞ்சேதான் செஞ்சேன்."

உங்கள் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான், "அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன். பெண்ணின் படிப்புக்காகத்தான் என்று அந்த மேஜையைப் பார்த்த உங்கள் பார்வையிலேயே தெரிந்தது. அதில் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் புரியாமல் இல்லை.

"சரி, முறை?" என்றேன். "என் முறை சரியா, உங்க லிஸ்ட் சரியா?"

கண்ணை மூடினீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்தேன். பிறகு சன்னமாக, "லிஸ்ட்தான் மேடம்" என்றீர்கள்.

எழுந்து நின்றுவிட்டேன். "அப்போ ஓசூர்?"

"நாம மறந்துட்டோம். அது நம்ம தப்பு. லிஸ்ட் தப்பு இல்ல."

"மறக்கற மனுஷனுக்குத்தானே ஃபில்டர்? மறக்காதவனுக்கு எதுக்கு?" என்று நான் குரலை உயர்த்த, நர்ஸ் வந்து, "அஜ்ஜி, பேஷண்ட் கிட்ட ஜகளா ஆடபேடி" என்று கன்னடத்தில் அதட்டினாள். சண்டை போடாதீங்க பாட்டி என்று ஒரு சின்னப் பெண் எனக்குச் சொல்கிறாள். நீங்கள் கண்ணை மூடியபடியே சிரித்தீர்கள். உங்கள் வயிறு குலுங்கியது. நான் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். மறுபடியும் போய் விட்ட இடத்திலிருந்து பேசிக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன். அந்த வாரத்துக்குள்ளேயே போய்விட்டீர்கள்.

தங்கவயலில் உங்கள் கோயிலில் நினைவு ஜெபம் வைத்திருந்தார்கள். சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண் ஜன்னலுக்கு வெளியே சாம்பல் மலையாக நின்றது. உங்களோடு படித்தவர் பேசினார், ரயில் சினேகிதர் பேசினார். அன்பானவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் சொன்னார்கள். உங்கள் மனைவி என் பக்கம் குனிந்து, "நீங்களும் ரெண்டு வார்த்தை" என்றார். எனக்கு மேடை பழக்கமில்லை. போய் மைக்கைப் பிடித்து, நமக்குள் ஒரு வழக்கு இருந்தது என்றேன். ஒரே கம்பெனி, இரண்டு பாஷை, இரண்டு வாசல். என் முறை நம்பர், அவர் முறை லிஸ்ட். நான் சொன்னதுதான் சரி, அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு நேர்மையாக என்னிடம் யாரும் சண்டை போட்டதில்லை என்று சொல்லி இறங்கினேன். பாதிரியார் கைகளைக் கோத்தபடி விழித்துக்கொண்டிருந்தார். யாரோ இருமினார்கள். உங்கள் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பேசனது ஒண்ணும் புரியலங்க. ஆனா அவுரு இருந்தா எழுந்து பதில் பேசாம விட்டிருக்க மாட்டாரு" என்றார்.

அதுதான் என்னை உடைத்தது. பதில் பேச ஆளில்லை. அத்தனை பேர் நடுவில் நான் தவறாகவே சொல்லியிருந்தாலும், அது தவறு என்று தெரிந்துகொள்ள அங்கே ஒருவர்கூட இல்லை.

சாயங்கால ரயிலில் நின்றுகொண்டே திரும்பினேன். வழி நெடுக, நீங்கள் எழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்தபடி வந்தேன். பழைய பெட்டிகள் கதைதான். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. படிக்க எளிது என்பீர்கள். அதற்கும் இருக்கிறது. வொயிட்ஃபீல்ட் தாண்டும்போது இன்னொன்று தோன்றியது. நீங்கள் ஒருநாளும் சொல்லாத ஒன்று. நாளைக்கு உங்கள் கம்பெனி மூன்றாவதாக ஒரு கம்பெனியை வாங்குகிறது. அவர்களும் தங்கள் பாதைகளுக்கு நம்பர் குத்தி வைத்திருக்கிறார்கள். தற்செயலாக அது, என் முறைப்படி செய்திருந்தால் நாம் குத்தியிருக்கும் அதே நம்பர். அப்போது அவர்களுடைய பாதைகளைத் திரும்பி வந்த நம்முடையவை என்று நினைத்து வாசல் தள்ளிவிடுமே? ஓர் ஊர் அல்ல, ஒரு கம்பெனி முழுக்கக் காணாமல் போகுமே? லிஸ்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பேர் பேர்தான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நல்ல வாதம். நீங்கள் வைத்த எல்லா வாதங்களையும் விட நல்ல வாதம். உங்களுக்கு இது தோன்றாமலே போய்விட்டது. தோன்றியிருந்தால் ஒரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போது மெதுவாக எடுத்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குல்குல் தின்றிருப்பீர்கள்.

யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொல்லிப் புரிந்துகொள்ள யாரும் இல்லை. உங்கள் பக்கத்து வாதம் ஒன்று என்னிடம் இருக்கிறது, உங்களிடம் கொண்டுவந்து சேர்க்க வழியில்லை. விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். காலையில் காபி போடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, இதற்கு என்ன பதில் என்று தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.